சொல்லும் பொருளும்: "பிளாட்"

சென்ற திங்களில் அன்னை ஒருவரிடமிருந்து நமக்கு மடல் ஒன்று வந்தது. அவருடைய மகன் ஒரு வழக்கில் சிக்கிச் சில மாதங்கள் சிறையிலிருந்து மீண்டவன். தங்கையின் திருமணப் பேச்சு நடந்த நாளில், ஆங்கிலம் கற்ற உறவினர் ஒருவர் அவனைச் சுட்டி, "இவன் இக்குடும்பத்துக்கு ஒரு பிளாட்" என்றாராம். கூடியிருந்தோர் தலை குனிந்தனர். தமக்கு ஆங்கிலம் தெரியாதென்றும், அச்சொல்லின் பொருளை இப்பகுதியில் விளக்கவேண்டுமென்றும் அன்னை கேட்டுள்ளார்.

மனைக்கட்டையும், அடுக்குமாடி வீட்டையும்கூட நம்மவர் "பிளாட்" என்றே சொல்கின்றனர். அவை வேறு சொற்கள். பெரியவர் சொன்னது கறையை. அதிலும் சிறப்பாக, எழுதும்போது தாளில் சிந்திப் பரவும் மைக்கறையை. ஆங்கிலேயச் சிறுவர் அழகெழுத்துப் பழகும் ஏட்டில் மை கொட்டிவிட்டால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாவர். ஆகவே, நற்பெயர் பெற்ற ஒருவன் ஒரு தவறு செய்து அப்பெயரைக் கெடுத்துக்கொண்டால், "தன் ஏட்டில் மை சிந்திவிட்டான்" என்பது அவர்களது வழக்கு. ஏட்டின் மற்றப் பக்கங்கள் தூய்மையாய் இருப்பதனாலன்றோ கறை கண்ணில் படுகிறது! பெரியவர் இதை எண்ணிப் பேசினார் என்று நாம் கருதவில்லை.

இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மைப்பேனாவால் எழுதிய தலைமுறையினர் "பிளாட்டிங் பேப்பர்" என்னும் மையொற்றும் தாளை மறந்திருக்கமாட்டார்கள். எழுதும் தாளுக்கு மை பரவாதபடி பசைப் பொருள் சேர்ப்பார்கள். ஒற்றுத்தாளுக்கு அது சேர்ப்பதில்லை. எனவே அதன் நார்களின் நுண்ணிய இடைவெளிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. மெல்ல வைத்து ஒற்றவேண்டும். தேய்த்தால் எழுத்தும் பாழாகும். ஆக, கறையை உண்டாக்குவதும் "பிளாட்", அதை உறிஞ்சி எடுப்பதும் "பிளாட்". 1975-இல் எட்வின் சதர்ன் என்னும் ஆங்கிலேய அறிவியலார், உயிரணுக்களின் மரபுப் பொருளைக் கூழ்மத்திலிருந்து மென்படலத்துக்கு ஒற்றியெடுத்து ஆராயும் முறையை வெளியிட்டார். அதற்கும் "சதர்ன் பிளாட்" என்றே பெயர். நல்ல ஒற்றுதல் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் போலும்.

நம் தாயக்கட்டத்துக்கு உறவான "பேக்கேமன்" ஆட்டத்திலும் இச்சொல் வழங்குகிறது. துணைக்காய் இன்றி ஒரு கட்டத்தில் தனித்து நின்று, எதிரியின் வெட்டுக்கு ஆளாகக்கூடிய காயை "பிளாட்" என்பர். அம்மா, உங்கள் மடலைப் படித்தபோது நமக்கு இப்பொருளே முதலில் நினைவுக்கு வந்தது.

எனினும் நாம் விரித்துச் சொல்ல விரும்புவது வேறு. "அவுட்" என்னும் சொல் பின்னால் சேர்ந்தால், அதே "பிளாட்" அடியோடு அழித்தல் என்று பொருள்படும். தாவீது அரசர் தம் பாவத்துக்கு அழுது பாடிய சங்கீதத்தில் (பழைய பதிப்புகளில் 50, புதியவற்றில் 51) ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பலர் கையாண்ட சொல் இதுவே. கொலோசையருக்கு எழுதிய நிருபம் 2-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்திலும் அது வருகிறது. அங்கே அழிக்கப்படுவது நமக்கு எதிராக நின்ற கையெழுத்து. கிரேக்க மூலத்தில் உள்ள சொல், கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கும் வழங்கியது. நம் ஊர் வழக்கில் புரோநோட்டு!

அழித்தல் என்பது அக்காலத்தில் எப்படி நடந்தது? ஐரோப்பியர் பிற்காலத்தில் பெரிதும் பயன்படுத்திய மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. அது தோலேட்டில் கடித்து இறங்கும்; கத்தியால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும், சுரண்டினாலும் தழும்பு நிற்கும். அதற்கு முந்திய மையோ, விளக்குக் கரியும் பிசினும் நீரும் கலந்தது. பாப்பிரசுத் தாளின் மேலேயே படிந்திருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்திலும் குரு தாம் எழுதிய சாபங்களைத் தண்ணீரில் கழுவிவிடுவதைக் காண்கிறோம். புனித சின்னப்பரின் நிருபத்தைக் கேட்ட மக்கள், கடன் பத்திரத்தின் குறுக்கே கோடிழுப்பதையன்று, எழுத்தே இல்லாதபடி துடைப்பதையே மனத்தில் கண்டிருப்பார்கள் என்பது நம் எண்ணம்.

இச்சொல்லில் அச்சமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. மக்களை மன்னியாவிடில் உமது புத்தகத்திலிருந்து என்னை அழித்துவிடும் என்று மோயீசன் ஆண்டவரிடம் மன்றாடினார் (யாத்திராகமம் 32:32). பெயரையும் துடைத்துவிடலாமன்றோ! ஆனால் வெற்றிகொள்பவனின் பெயரை வாழ்வின் நூலினின்று அழிக்கமாட்டேன் என்ற வாக்குறுதி காட்சியாகமம் 3:5-இல் இருக்கிறது. கறை போகவேண்டும், பெயர் நிற்கவேண்டும். திருமணப் பேச்சுக்குக் கூடியவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

அம்மா, இன்னும் ஒரு செய்தி. மேலே கூறிய சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும், சின்னப்பரின் நிருபத்திலும் வரும் அதே கிரேக்க வினைச்சொல், காட்சியாகமத்தில் மற்றொரு முறை, 21-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தில் வருகிறது. அவ்விடத்தில் ஆங்கிலேயர் "பிளாட்" என்று பெயர்க்கவில்லை. ஏனெனில் அங்கே துடைக்கப்படுவது மையன்று; கண்ணீர்.