ஒரே பிரதியை நம்பியிருத்தல்

கடந்த மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இயங்க மறுத்த தமது கணினியை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, பெட்டி போனால் போகட்டும். அதுக்குள்ள இருக்கிற அவரின்ட படங்கள் போயிட்டுதோ?" என்று கேட்டார். மறைந்த கணவரின் படங்கள், காணி உறுதியின் படப்பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். திருகோணமலையில் உப்புக்காற்றுக்குத் தப்பும் உலோகம் குறைவு. துறைமுகத்தை அண்டிய வீடுகளில் யன்னல் கம்பியைத் தின்னும் அதே துரு, கணினியின் மின் இணைப்புகளையும் தின்றிருந்தது. வன்தட்டைக் கழற்றி என்னுடைய கணினியோடு இணைத்தேன். படங்கள் யாவும் பத்திரமாக இருந்தன. "ஒன்றும் போகேல்லை ரீச்சர்" என்றதும் அவர் கண் கலங்கினார். ஆனால் அன்று அவரைக் காப்பாற்றியது அதிர்ஷ்டமே என்பதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நமது ஊர்களில் கணினி வகுப்புகள் நடைபெறுகின்றன. தட்டச்சு, கடிதம் தயாரித்தல், கணக்கு அட்டவணை ஆகியவற்றைக் கற்பித்துச் சான்றிதழ் வழங்குகிறார்கள். ஆக்கியதை எப்படிக் காப்பது என்பதை முதற்பாடமாகக் கற்பிக்கும் வகுப்பை நான் இன்னும் காணவில்லை. என் கருத்தில், இது பாடத்திட்டத்தில் உள்ள சிறு குறை அன்று. அடிப்படையே தலைகீழாக இருக்கிறது.

கணினியை அறியாதவர்களுக்கு நான் எப்போதும் பத்திரிகை அலுவலகத்தையே உதாரணமாகச் சொல்வேன். உதவி ஆசிரியரின் மேசை இருக்கிறதே, அதுதான் தற்காலிக நினைவகம். வேலை நடக்கும்போது தாள்கள் அதன்மேல் பரவிக் கிடக்கும். மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். பின்னறையில் பழைய இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் அலுமாரிதான் வன்தட்டு. விளக்கு அணைந்தாலும் அங்குள்ளவை அங்கேயே இருக்கும். மேசை, அலுமாரி, அச்சு இயந்திரம் ஆகிய கையால் தொடக்கூடியவை வன்பொருள். எந்தச் செய்தி எந்தப் பக்கத்துக்கு, யார் திருத்துவது, எப்போது அச்சுக்குப் போவது என்ற ஒழுங்குமுறைதான் மென்பொருள். ஆசிரியையின் வீட்டில் நடந்தது, அலுவலகத்துக்கு மின்சாரம் தடைப்பட்டது மட்டுமே. அலுமாரி எரியவில்லை. எரிந்திருந்தால் நான் மட்டுமல்ல, எவராலும் எதுவும் செய்திருக்க முடியாது.

இதை உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 2002 முதல் பல ஆண்டுகளாக எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை நானும் இறுவட்டுகளில் எழுதி, ஒரு பெட்டியில் அடுக்கி, அத்தோடு கடமை முடிந்ததாக எண்ணியிருந்தேன். வெப்பமும் ஈரப்பதமும் அந்த இறுவட்டுகளின் பதிவுப் படலத்தைச் சிதைக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றைக் கணினியில் இட்டபோது பாதிக்குமேல் வாசிக்க முடியவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்கள் மறுவாரமே என்னிடம் பேசிய குரல்கள் அவற்றில் இருந்தன. அவர்களுள் சிலர் இன்று உயிரோடு இல்லை. அந்த இழப்புக்கு நான் எவரையும் குறைகூற முடியாது.

அரசாங்கமும் இதே பாடத்தைப் பெரிய விலை கொடுத்தே கற்றது. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மேகக்கணினிக் கட்டமைப்பைக் கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்று தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. காரணங்கள் இரண்டு. உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள் முதலாவது. அந்தக் காலப்பகுதிக்கு, தாக்குதலுக்கு எட்டாத இடத்தில் வேறொரு பிரதி இல்லாமற் போனது இரண்டாவது. ஒரு நாட்டின் நிர்வாகமும் எங்கள் தெரு ஆசிரியையும் செய்த தவறு ஒன்றேதான்.

பிரதி என்பதன் பெறுமதியை இந்த ஊர் வேறொரு விதத்திலும் அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தார்கள் என்று பாதுகாப்புத் தரப்பு முதலில் கூறியது. துறைமுகத்தில் பணியாற்றிக்கொண்டே 'சுடர் ஒளி' பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. படங்கள் பத்திரிகையில் வெளியாயின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்திருந்த சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர்கள் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

எனினும் அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவை ஒரு கமராவுக்குள் மட்டும் இருந்திருந்தால், கமராவைப் பறித்ததோடு கதை முடிந்திருக்கும். அவை அனுப்பப்பட்டன, அச்சாயின, ஆயிரக்கணக்கானோர் கையில் பிரதியாகச் சேர்ந்தன. நீதி கிடைக்கவில்லை என்பது உண்மை. நடந்ததை மறுக்க இயலாது என்பதும் உண்மை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களில் பிரதி இருந்தது. ஓலைச்சுவடிகளுக்கு இருக்கவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தை, அந்தத் தீக்குக் கிடைத்த காலந்தாழ்ந்த பதிலாகவே நான் பார்க்கிறேன். பழைய சஞ்சிகை ஒன்றை அங்கே திறக்கும்போதெல்லாம், இதற்கு இன்னொரு பிரதி இருக்கிறது என்ற நிம்மதி எழுகிறது.

என்ன செய்யலாம்? பீற்றர் குரோ என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பரப்பிய விதி எளிமையானது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, தொலைவில் ஒன்று. வெளி வன்தட்டைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். இணைத்தபடியே வைத்திருந்தால், கணினியைத் தாக்கும் நச்சுநிரல் அதையும் தாக்கும்.

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொலைதூரப் பிரதிக்கு நம்மவரிடம் வேறெவருக்கும் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிஸிலோ உறவினர் ஒருவர் இல்லாத ஈழத்துக் குடும்பம் அரிது. போர் நம்மைச் சிதறடித்தது. அந்தச் சிதறலை ஒரு காப்பகமாகவும் பயன்படுத்தலாம். ஊருக்கு வந்து திரும்பும் மகனிடம் மிளகாய்த்தூள் பொதியோடு ஒரு சிறு வன்தட்டையும் கொடுத்தனுப்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லையேல் படத்தின் தரம் குறைந்துவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. பிரதிகள் பெருகினால் அவை தவறான கைகளுக்குச் செல்லும் வழிகளும் பெருகும். செய்தி தந்தவரின் பெயரைக் காக்க வேண்டிய நான் இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆகவே பிரதி எடுத்தலும் பூட்டுதலும் ஒன்றாகவே கற்பிக்கப்பட வேண்டும். வெளி வன்தட்டைக் கடவுச்சொல் கொண்டு மறையாக்கம் செய்யலாம். அந்தக் கடவுச்சொல் மறந்தால் பிரதியும் பயனற்றது என்பதால், அதை நம்பிக்கையான ஒருவரிடமும் ஒப்படையுங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணக்குகளுக்கும் வைப்பது, வீட்டுக்கும் கடைக்கும் வங்கிப் பெட்டகத்துக்கும் ஒரே திறப்பைச் செய்வதற்கு ஒப்பானது. தொலைபேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணைத் தெரிந்தவர் பெயரில் எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தவர்கள் தம் கணக்கையே இழந்திருக்கிறார்கள்.

மென்பொருளைப் புதுப்பிப்பதும் பூட்டின் ஒரு பகுதியே. 2017 மே மாதம் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கிய 'வன்னாகிரை' நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. நிறுவாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். நமது ஊரில் பலர் இன்னும் பயன்படுத்தும் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. மாற இயலாதவர்கள் இலவசமான லினக்ஸை நிறுவிப் பார்க்கலாம். பழைய கணினியிலும் அது இயங்கும்.

ஆசிரியை திரும்பிச் செல்லும்போது ஒரு வெளி வன்தட்டில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்றை அவருடைய மகளுக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, வகுப்பில பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தை இரண்டு தரம் எழுதச் சொல்லுவன். எனக்கு அது விளங்க எழுபது வயதாச்சு" என்றார்.

இதை வாசிக்கும் நீங்கள் இன்றிரவு ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்களிடம் ஒரே பிரதியாக இருப்பது எது என்று யோசியுங்கள். அது தாயின் படமாக இருக்கலாம், காணி உறுதியாக இருக்கலாம், எவரும் இன்னும் கேட்காத ஒரு சாட்சியமாகவும் இருக்கலாம். உறங்கப் போகுமுன் அதற்கு இரண்டாவது பிரதி ஒன்றை எடுத்துவிடுங்கள்.