அம்மாவின் மாத்திரைக் கவர்



சென்னைக் கொரட்டூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் என்று வேறோர் ஊர் இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து வந்தவர்கள், ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் என்று பலரும் உண்டு. அப்பா அம்மா செய்யாறு பக்கமோ விழுப்புரம் பக்கமோ தனியாக இருப்பார்கள். ராத்திரி ஒரு போன். “மாத்திரை போட்டியாம்மா?” “போட்டேம்பா.” அத்தோடு முடிந்தது விசாரணை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர்களுடைய மாத்திரைக் கவரை வாங்கித் தரையில் கொட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமல் இருக்கும். கத்தரியால் வெட்டிய துண்டு அட்டை ஒன்று, பெயரும் தேதியும் வெட்டிய மறுபாதியோடு போயிருக்கும். பக்கத்து வீட்டு அத்தை “எனக்கு நல்லா கேட்டுது” என்று கொடுத்த நாலு மாத்திரை. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது மட்டும் ஒழுங்காகத் தீர்ந்திருக்கும்.

மருந்து கிடைக்கவில்லை என்று இப்போது சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வலர் பெண்களே வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024இல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. மருந்து திண்ணை வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து வாய்க்குள் போவதுதான் இழுபறி.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். “பிரஷர் நார்மல்னு சொல்லிட்டாங்க, நிறுத்திட்டேன்.” நார்மலாக வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். “சுகர் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்.” இதைச் சொல்லிக்கொண்டேதான் வலி மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்குவார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும், கூடவே அந்த வலி மாத்திரையும்தான்.

கூழும் கீரையும் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன வந்துவிடும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். கூழ் நல்லதுதான், ஆனால் கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு, சுகர் ஏறும். கூடவே ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூழுக்குத் தொட்டுக்கொள்வதிலேயே அதில் நல்ல பங்கு போய்விடும்.

தண்ணீர் விஷயம் இன்னும் சங்கடமானது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. போதாக்குறைக்கு, ராத்திரி இருட்டில் கொல்லைப்பக்கக் கழிவறைக்குப் போக பயந்து, சாயங்காலத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத பாட்டிகள் எத்தனையோ பேர். அதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. வழியில் ஒரு எல்.இ.டி. பல்பு, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. கொத்தனாரை அழைத்தால் அரை நாள் வேலை. சுகர் உள்ளவர் வெறுங்காலோடு வயலில் நடப்பதையும் வீட்டிலேயே கவனிக்க வேண்டும். முள் குத்தினாலும் உறைக்காது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். செருப்பு வாங்கிக் கொடுத்தால் போதாது. காலைக் கையில் எடுத்து விரலிடுக்கைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கூச்சம், பெரியவர்களுக்கு அதைவிடக் கூச்சம். பரவாயில்லை, பாருங்கள்.

சென்னையில் முதியோர் மருத்துவம் நேற்று வந்ததல்ல. அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1978இல். கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அப்பா அம்மா கொரட்டூருக்கு வந்து தங்கும் நாட்களில் ஒரு நாளைக் கிண்டிக்கு ஒதுக்குங்கள். வரும்போது அந்த மாத்திரைக் கவரையும் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஊரில் தனியாக இருப்பவர்களின் போனில் 14567 என்ற எண்ணையும் பதிந்து வையுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் அது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்