எல்லாப் பழியும் சிடிஐ மேலயா?

மழை பிடிச்சாச்சுன்னா மட்டாஞ்சேரியில எந்த ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னாலும் ஒரே தீர்ப்புதான் காதுல விழும். "சிடிஐ போயி சாரே." ஆர்.எக்ஸ் 100 ஸ்டார்ட் ஆகலையா? சிடிஐ. பாலத்துல ஏறும்போது நின்னுடுச்சா? அதுவும் சிடிஐ. பிளக்கைக்கூடக் கழட்டிப் பார்க்கிறதில்லைங்க.

பி.காம் படிச்சவங்களுக்கு உடனே புரியும். டிரயல் பேலன்ஸ் ஒத்துவரலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டுக் கிளம்புற கதைதான் இது. எங்க பேங்க்ல அந்த மாதிரி எண்ட்ரி நாலு நாள் நின்னா ஆடிட்டர் உயிரை எடுத்துடுவார். மெக்கானிக்கை யார் ஆடிட் பண்றது?

ஏன் சிடிஐயையே பிடிக்கிறாங்க? அந்த இக்னிஷன்ல மல்டிமீட்டருக்குப் பிடி கொடுக்காத ஒரே சாமான் அதுதான். கறுப்பாப் பிசின் ஊத்தி மூடின டப்பா. மேக்னெட்டோவுல இருக்கிற சோர்ஸ் காயில் அதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணும். பல்ஸர் காயில் சைகை கொடுத்ததும் அந்த சார்ஜ் மொத்தமா இக்னிஷன் காயிலுக்குப் பாயும், பிளக்ல பொறி வரும். சிடிஐங்கறது 1969ல கவாஸாகி எச்1லயே வந்த சமாச்சாரம், புதுசு ஒண்ணும் இல்லை. மத்த காயில் எல்லாத்தையும் ஓம்ஸ்ல அளந்து மேனுவலோட ஒப்பிடலாம். டப்பாவை அளக்க முடியாது. அதனால அதைக் கடைசியாத்தான் சந்தேகப்படணும். இங்க என்னடான்னா அளக்க முடியாதுங்கறதாலயே முதல் பழி அதுமேல!

இன்னொண்ணு. பழைய புல்லட்ல சாவியைப் போட்டா பேட்டரி கரண்ட் காயிலுக்குப் போகும். ஆர்.எக்ஸ்ல அப்படியே தலைகீழ். சாவியை ஆஃப் பண்ணினா சிடிஐயிலேர்ந்து வர்ற கறுப்பு-வெள்ளை ஒயர் எர்த் ஆகும், அதனாலதான் எஞ்சின் நிக்குது. காயல் ஓரத்து உப்புக்காத்துல சாவி ஸ்விட்சுக்குள்ள பச்சை பிடிச்சு, மழைத் தண்ணியும் இறங்கிச்சுன்னா? சாவி ஆன்ல இருந்தாலும் வண்டி ஆஃப்லதான்!

எங்கப்பா வண்டி தஞ்சாவூர்லேர்ந்து ரயில் பார்சல்ல இங்க வந்தது. ஒரு ஆடி மாசம் ஸ்பார்க் இல்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல பார்த்த நிமிஷத்துல டப்பா மாத்தணும்னாங்க. "அந்தக் கறுப்பு-வெள்ளை ஒயரை மட்டும் பிடுங்கிட்டு ஒரு உதை உதைங்க"ன்னேன். மூணாவது உதையில கிளம்பிடுச்சு. (ஒயர் இல்லாம சாவியால நிறுத்த முடியாது. கியர் போட்டு, பிரேக் பிடிச்சு, கிளட்சை விட்டுத்தான் அணைக்கணும்.) செலவு, சாவி ஸ்விட்ச் ஒண்ணு.

இதுலயும் சரியாகலைன்னா பிளக், பிளக் கேப், எர்த் ஒயர், கனெக்டர். அப்புறம்தான் காயில்கள். சூடானா மட்டும் நிக்கிற வண்டியை சூடா இருக்கும்போதே அளக்கணும், ஆறினதும் காயில் யோக்கியன் மாதிரி நடிக்கும். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக் எஞ்சின்ல தொட்டுட்டு இருக்கணும். கேப்பை அந்தரத்துல தொங்கவிட்டு உதைச்சீங்கன்னா நல்ல டப்பாவும் போயிடலாம். இத்தனையும் முடிஞ்சாத்தான் ஓடுற வண்டியிலேர்ந்து ஒரு சிடிஐ கடன் வாங்கி மாட்டிப் பார்க்கணும். முப்பது வருஷ டப்பா சாகவே சாகாதுன்னு நான் சொல்லலை. போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டு சர்டிபிகேட் கொடுங்கன்னுதான் சொல்றேன்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. டப்பா விலைன்னு எவ்வளவு சொன்னாலும் நம்மாளுங்க மறுபேச்சில்லாம எடுத்துக் கொடுப்பாங்க. "ஒரு மணி நேரம் செக் பண்ணினேன், இருநூறு ரூபாய் கொடுங்க"ன்னு அவர் கேட்டா, "சும்மா பார்த்ததுக்கா?"ன்னு சண்டைக்குப் போவாங்க. அப்புறம் அவர் எதுக்குத் தேடப் போறார்?

ஆர்.எக்ஸ் 100 1985லேர்ந்து 1996 வரைக்கும்தான் வந்தது. அதோட வந்த ஒரிஜினல் டப்பா இனிமே வராது. நல்லா இருக்கிறதைக் கழட்டிட்டு டூப்ளிகேட் மாட்டுறாங்க, அது ரெண்டு மழையில போகுது, வீட்ல எல்லாரும் வெறுத்துப்போய் அப்பா வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளுறாங்க. ஊர்ல திண்ணை ஓரமா அப்படி ஒரு வண்டி சாக்கு மூடிக் கிடக்குதா? இந்த லீவுக்குப் போறப்ப சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் யாராவது சிடிஐ மாத்தியே ஆகணும்னு நின்னா, கழட்டின பழசைக் கையோட திருப்பி வாங்கி வெச்சுக்கச் சொல்லி அம்மாவுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க.