மின்னுவதெல்லாம் வேகமன்று

விளையாட்டுக் கணினி வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்பதை நாம் குறைகூறவில்லை. பாகங்களின் பட்டியலில் வண்ண விளக்குகள் முதலிடம் பிடிப்பதையே எதிர்க்கிறோம். ஒரே அளவும் வேகமும் கொண்ட இரு ரேம்களில் ஒன்று ஒளிர்வதால் விளையாட்டு விரைந்துவிடாது. அதன் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸருமே. நாமோ விளக்குக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்கிறோம். தரமற்ற பவர் சப்ளை பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்தே கெடுத்துவிடக்கூடும்.

குறையும் பணத்துக்கு வட்டித் தவணையை நாடுவோரும் நம்மிடையே உண்டு. வீண்விரயமும் வட்டியும் மார்க்கம் தடுத்தவை அல்லவா? அயலகத்தில் தந்தை சிந்திய வியர்வை, மேசையோரம் ஏழு வண்ணத்தில் மின்னுவதற்கா?

பெற்றோர்களே, பிள்ளையுடன் அமர்ந்து பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்வி போதும்: இது என்ன வேலை செய்கிறது? விடை ‘மின்னுகிறது’ என்பது மட்டுமெனில், அந்த வரியை அடித்துவிடுங்கள்.