யார் கண்ட ஷைத்தான்?



அண்மையில் பாடசாலை விட்டு வரும் வழியில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் உம்மா. "மௌலவி, ஒரு விசயம் கேக்கணும், கோவிக்கப்படாது" என்று தொடங்கினார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகன் இரவில் கைத்தொலைபேசியில் ஏதோ கொரியப் படம் பார்த்துக் கொண்டிருந்திருக்கிறான். சத்தம் கேட்டு எழுந்து போனால், திரையில் ஒருவன் இன்னொருவனின் கையை உடைக்கிறான். மகன் "அப்படித்தான் வேணும்" என்கிறான். ஏச வாயெடுத்தவர், ஏன் அடிக்கிறான் என்று கேட்டிருக்கிறார். மகன் கதையைச் சொன்னான். அவரும் பக்கத்தில் அமர்ந்து விட்டார்.

"பத்து நிமிசம் போகல்ல மௌலவி. இன்னும் ரெண்டு போடு எண்டு நானும் மனசுக்குள்ள சொல்றன். மகனப் பத்திச் சொல்ல வந்து என்னையே சொல்லிட்டுப் போறன்."

அவருக்கு அன்று ஒழுங்கான பதில் எதுவும் நான் சொல்லவில்லை. படத்தின் பெயரை மட்டும் கேட்டுக் கொண்டேன். 'ஐ சோ த டெவில்' என்று ஆங்கிலத்தில் பெயர். கிம் ஜீ வூன் என்ற தென் கொரிய இயக்குனர் 2010இல் எடுத்தது. மௌலவிக்கு ஏன் இந்த வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பார்க்காமல் ஃபத்வாச் சொல்வது எளிது. ஆனால் அந்தத் தாய் என்னிடம் ஃபத்வாக் கேட்கவில்லையே! பார்த்தேன். சில இடங்களில் பார்க்க முடியாமல் முன்னே தள்ளிவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

கதை இதுதான். அரச உளவுப் பிரிவில் வேலை செய்யும் ஓர் இளைஞன். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை, பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஒருவன் கொன்று விடுகிறான். இளைஞன் அவனைக் கண்டுபிடிக்கிறான். பொலிஸில் ஒப்படைக்கவில்லை, கொல்லவும் இல்லை. அடித்து நொறுக்கி, இருக்குமிடம் காட்டும் சிறு கருவியை விழுங்கச் செய்து, கையில் காசும் கொடுத்து விட்டு விடுகிறான். மீண்டும் பிடிக்கிறான், வதைக்கிறான், மீண்டும் விடுகிறான். ஒரே அடியில் முடித்தால் தன் வேதனைக்கு ஈடாகாது என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்குத் தப்புகிறது. விட்டு விடப்பட்டவன் கருவியை வெளியேற்றிவிட்டு, இறந்த பெண்ணின் தந்தை வீட்டுக்கும் தங்கையிடமும் போய்ச் சேருகிறான்.

கொரியாவிலேயே இந்தப் படம் சும்மா திரைக்கு வந்து விடவில்லை. அந்நாட்டுத் தணிக்கைச் சபை இதற்கு இரண்டு தடவை, சாதாரணத் திரையரங்குகளில் காட்ட முடியாத தரத்தை வழங்கியது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடக் காட்சிகளை வெட்டிய பின்புதான் ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்தது, அதுவும் வயது வந்தோருக்கு மட்டும். இரண்டேகால் மணி நேரத்துக்கும் கூடிய படத்தில் ஒன்றரை நிமிடம்! பாதியில் எழுந்து போனவர்களும் இருந்தார்கள். இப்படியொரு படம் வந்ததில்லை என்று புகழ்ந்தவர்களும் இருந்தார்கள்.

கொலைகாரனாக நடித்தவர் சோய் மின் சிக். 2003இல் வந்த 'ஓல்ட்போய்' படத்தில் பழிவாங்கப் புறப்பட்டவராக நடித்தவரும் இவரே. இவர் பேட்டியில் சொன்ன ஒரு சம்பவத்தை நான் மறக்க மாட்டேன். படப்பிடிப்பு நடந்த காலத்தில், மின்தூக்கியில் அறிமுகமான ஒருவர் இவரிடம் மரியாதைச் சொல் இல்லாமல், உரிமையோடு ஏதோ கேட்டாராம். கொரிய மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' பேதம் உண்டு. 'இவன் யார் என்னிடம் இப்படிப் பேச' என்று உள்ளே ஒரு சினம் எழுந்ததாம். மறுகணம் தன்னை நினைத்துத் தானே நடுங்கிப் போனாராம். பல மாதம் நடித்தவருக்கு அப்படி. இரண்டு மணி நேரம் பார்ப்பவருக்கு ஒன்றுமே ஒட்டாது என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் சகோதரிகளே, அந்தக் கோபம் படத்தில் பிறந்ததென்று சொன்னால் அது அநீதி. கொரிய மக்கள் அதைத் திரையரங்குக்குக் கொண்டு போனார்கள். 2004இல் சியோலில் பிடிபட்ட ஒருவனுக்கு இருபது கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது, நிறைவேற்றப்படவில்லை. 1997 டிசம்பருக்குப் பின்னர் அங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2008இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிதைத்த ஒருவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுதான் கிடைத்தது, குடிபோதையில் இருந்தான் என்ற காரணம் காட்டி. பெண் பிள்ளை பெற்றவர்கள் எப்படி உறங்குவார்கள்?

அவன் 2020 டிசம்பரில் விடுதலையாகி அன்சான் நகருக்குத் திரும்பியபோது கூட்டம் திரண்டது. முட்டை வீசினார்கள், வாகனத்தை உதைத்தார்கள். நாமே தண்டிப்போம் என்று கமெராவோடு வந்து நின்றவர்களும் உண்டு. மறு வருடம் ஓர் இளைஞன் வீட்டுக்குள் புகுந்து சுத்தியலால் தாக்கினான்; சிறைக்குப் போனான். இவையெல்லாம் செய்திகளில் பெரிதாக வந்தன. பொதுமக்கள் நன்கொடை சேர்த்து, அந்தச் சிறுமியின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்க் குடியேற உதவிய செய்தி இந்தளவுக்குப் பேசப்படவில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது முட்டையா, வீடா?

உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களை வஹ்ஷி கொன்றதும், அவர்களின் உடல் சிதைக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. பின்னர் வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. ஆனால் உமது முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டார்கள். மன்னித்தவர் நெஞ்சிலும் வலி இருக்கிறது என்பதை இதைவிட நேராக நான் எங்கும் ஓதியதில்லை. ஆகவே அந்தத் தாயிடம் 'உங்களுக்கு ஏன் கோபம் வந்தது' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

படத்தின் கொரியப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஷைத்தானைக் கண்டதாகத்தான் அதற்கும் பொருள். நமது தமிழில் கண்டேன் என்றால் நான், கண்டாய் என்றால் நீ. கொரிய வினைச்சொல்லில் அப்படி ஆளைக் காட்டும் ஈறு கிடையாது. யார் யாரில் கண்டது? இளைஞன் கொலைகாரனிலா, கொலைகாரன் இளைஞனிலா? பார்த்துக் கொண்டிருந்த நாமா? ஆங்கிலத்தில் 'ஐ' என்று போட்டதும் அந்தக் கேள்வி அடைபட்டுப் போயிற்று.

சென்ற வாரம் அந்த உம்மாவை மீண்டும் கண்டேன். நானும் பார்த்தேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்து விட்டது. பிறகு முகம் மாறியது. படத்தின் கடைசியில் அந்த இளைஞன் ஒரு பொறி வைக்கிறான். கொலைகாரனின் வயதான தாயும் தந்தையும் மகனும் வந்து கதவைத் திறக்கும்போது, அவர்கள் கையாலேயே அவன் உயிர் போகிறது. பழி தீர்த்தவன் தெருவில் அழுதபடி நடக்கிறான். அத்தோடு படம் முடிகிறது.

அன்றிரவு படம் முடிந்ததும் மகன் வெகுநேரம் பேசாமல் இருந்தானாம். "அப்படித்தான் வேணும்" என்று சொன்ன அதே மகன். பிறகு கேட்டானாம்:

"உம்மா, கதவத் தொறந்த அந்தப் புள்ள என்ன செஞ்ச?"

"நான் ஒண்டும் சொல்லல்ல மௌலவி. பைனைப் பறிச்செடுத்து லைட்ட நூத்திட்டன். அவன் படுக்கல்ல. நானும் படுக்கல்ல."