இஞ்சி துணைக்கு வரட்டும்

கீமோதெரபி என்றதும் பலர் அஞ்சுவது குமட்டலுக்குத்தான். சோற்று வாசம் பட்டாலே வயிறு புரளும். சாப்பிடாத உடம்பு மெலியும். அடுத்த முறை மருந்தேற்றுவதும் தள்ளிப்போகலாம். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டார் சும்மா இருப்பார்களா? ஒருவர் இஞ்சி பிளேன்டீ ஊற்றுவார். இன்னொருவர் யாரோ சொன்ன கசாயத்தைக் காய்ச்சுவார். அன்பினால் செய்வதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்தியரிடம் மறைப்பது பெரும் தவறு என்பதே என் கருத்து.

கீமோதெரபி மருந்துகள் குடலில் செரட்டோனின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கச் செய்கின்றன. அது நரம்பு வழியே மூளைக்கு வாந்தி எடுக்கும்படி செய்தி அனுப்புகிறது. ஒன்டன்செட்ரோன் போன்ற மாத்திரைகள் அந்தச் செய்தியைத் தடுக்கின்றன. இவை வாந்தியை நன்றாக அடக்கினாலும், குமட்டல் சிலருக்கு மிஞ்சிவிடுகிறது. இஞ்சிக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 576 நோயாளர்களின் விபரங்கள் ஆராயப்பட்டன. இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்திருந்தது. நாளொன்றுக்கு அரை கிராம் அல்லது ஒரு கிராம் எடுத்தவர்களே அதிக பலன் பெற்றார்கள். ஒன்றரை கிராம் அதைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. முக்கியமான விடயம், அவர்கள் அனைவருக்கும் வாந்தித் தடுப்பு மருந்தும் கொடுக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சியை மட்டும் நம்புவதற்கு இந்த ஆய்வு சாட்சியாகாது. பிற ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் கீழே, உள்பக்கத்து இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்திவிடுவது இன்னொரு முறை. சிலருக்கு இது ஆறுதல் தருகிறது, செலவும் இல்லை.

ஆனால் இயற்கையானது எல்லாமே தீங்கற்றது என்று எண்ணக் கூடாது. சிகிச்சையின்போது இரத்தச் சிறுதட்டுகள் குறைந்திருந்தால், அளவுக்கு மிஞ்சிய இஞ்சி இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் வேகத்தையே மாற்றிவிடும். வைத்தியர் ஏசுவார் என்று பயந்து மறைத்தால், பாதிப்பு எதனால் வந்தது என்று அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? வைத்தியர்களும் "வீட்டில் வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கனிவாகக் கேட்க வேண்டும்.

தோழியரே, கிளினிக்குக்குத் துணையாகப் போவது பெரும்பாலும் மகளோ பேத்தியோதான். வீட்டில் கொடுப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரியவர்கள் சொல்லத் தயங்குவதை நாம் மரியாதையோடு சொல்லலாம். நோயாளிக்கு நாம் செய்யும் பணிவிடையில் அதுவும் ஒரு பங்குதான்.