டிஸ்க் செத்த சேதி யாருக்குப் போகிறது?

கல்யாண போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் வீடியோ என்று கம்ப்யூட்டரில் சேரச் சேர, விவரம் தெரிந்தவர்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கை ஜோடியாக மாட்டிவிடுகிறார்கள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். ரெய்டு 1 என்று இதற்குப் பெயர். ஒன்று போனாலும் வேலை நிற்காது. வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போனது தெரியாமல் ஃபேன் சுற்றுவதுபோல, ஒற்றை டிஸ்க்கில் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் ஓடும். இரண்டாவதும் மண்டையைப் போடும் நாளில்தான் முதலாவது போன கதை தெரியவரும்.

லினக்ஸில் இந்த ஜோடியின் நிலையைச் சொல்ல ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. இரண்டும் நலமென்றால் சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ எழுத்து நிற்கும். ஒன்று கழன்றுவிட்டால் ஒரு ‘யூ’, அதன் பக்கத்தில் ஓர் அடிக்கோடு. அவ்வளவுதான் மரண அறிவிப்பு! விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையும் நிலையைச் சொல்லும். ஆனால் வாங்கிய நாளுக்குப் பிறகு அதைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

ரெய்டு என்ற யோசனையை 1988-ல் பெர்க்லியில் எழுதிய மூவரில் ஒருவர் கார்த் கிப்சன். அவரே 2007-ல் பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் வரலாற்றைப் புரட்டினார். டிஸ்க் தயாரிக்கும் கம்பெனிகளின் கணக்குப்படி வருடத்துக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுதாகக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதத்தைத் தொட்டது.

டிஸ்க்கே தன் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ வசதி இருக்கிறதே என்பார்கள். அதே 2007-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதற்காக ஸ்மார்ட்டை ஒதுக்கவும் முடியாது. தன் பரப்பைத் தானே சோதிக்கையில் முதல் ‘ஸ்கேன் பிழை’ தலைகாட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஸ்மார்ட், ரெய்டு இரண்டையும் கண்காணிக்கத்தான் வேண்டும்.

ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலில் இரண்டு டிஸ்க் வாங்குவதுதான் நம் வழக்கம். அதிலும் ஆபத்து உண்டு. 2019-ல் எச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. அதன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டி மாடல்கள், மென்பொருள் கோளாறால், 32,768 மணி நேரம் ஓடியதும் தகவலோடு சேர்ந்து செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒன்றாக மாட்டியவை ஏறக்குறைய ஒன்றாகவே போகும் என்றும் சொன்னது. ஜோடி போட்டு என்ன பயன்? வெவ்வேறு கம்பெனியில் ஒவ்வொன்று வாங்குவதே புத்திசாலித்தனம்.

எச்சரிக்கை மணியே ஊமையாகிப் போவதும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முக்கியத் தரவுத்தளத்தை ஓர் ஊழியர் கைதவறி அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப் இருக்க வேண்டிய இடத்தில் தேடினால் ஒன்றுமே இல்லை. பேக்கப் தோற்றுக்கொண்டிருந்ததைச் சொன்ன மின்னஞ்சல்களை, முறையான கையொப்பம் இல்லையென்று வாங்கும் சர்வரே திருப்பி அனுப்பியிருந்தது. வேறொரு நகலிலிருந்து மீட்டும், சுமார் 6 மணி நேரத் தகவல் போனது போனதுதான். பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி. வீட்டு லினக்ஸிலோ, டிஸ்க் போன சேதி பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ‘ரூட்’ என்ற நிர்வாகிக் கணக்குக்குப் போகிறது. மெயில் அனுப்பும் மென்பொருளே இல்லாத கம்ப்யூட்டர்களில் அது கிளம்பவே கிளம்பாது.

இதில் பயனரைக் குறை சொல்வது நியாயமில்லை. லினக்ஸில் ரெய்டு ஜோடியை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியில் சோதனைச் சேதி அனுப்பும் வசதி இருக்கிறது. தகவலை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து ஒரு டிஸ்க்கின் கேபிளை உருவி, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தால் செல்போனுக்குச் சேதி வருகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் இதையெல்லாம் தேடிப் படித்தவர்தான் செய்வார். ஜோடி சேர்க்கும் மென்பொருளே சோதனைச் சேதி அனுப்பி, ‘வந்தது’ என்று பயனர் சொன்ன பிறகுதான் வேலையை முடிக்க வேண்டும். பாதித் தூரம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது: முகவரியே கொடுக்காவிட்டால் கண்காணிக்க மாட்டேன் என்று எம்டிஏடிஎம் மறுத்துவிடுகிறது. கொடுத்த முகவரிக்குச் சேதி போய்ச் சேருகிறதா என்றுதான் அது கேட்பதில்லை.